நடக்கிறவருக்கும் கூலி வேண்டும்

குடிசையை எடுத்துவிட்டு கான்கிரீட் வீடு கட்ட அரசாங்கம் எவ்வளவு தருகிறது என்று கேட்டால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்தத் தெருவிலும் பதில் கிடைக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சம் ரூபாய். கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு சேர்த்துத் தருவது தனி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்.

அந்தப் பணம் ஒருவர் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் எவ்வளவு செலவாகும் என்ற கணக்கைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. மனைக்குப் பட்டா வேண்டும். குடிசைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். கிராம சபையில் அந்தப் பெயர் வாசிக்கப்பட வேண்டும். இதற்கெல்லாம் யாரோ ஒருவர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். நடவு நேரத்தில் ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியை யார் தருவது? நல்ல வீடு வேண்டி டெல்டா மக்கள் போராடிய எண்பது ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் சின்னக் கேள்வி வந்து நிற்கிறது.

வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்

காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டு நிலம் குறைவு. இருக்கிற மேட்டில் கோயிலும் குளமும் அக்ரகாரமும் குடியானத் தெருவும் அமைந்தன. விவசாயக் கூலிகளின் தெரு வயலோரத்தில், வடிகாலுக்குப் பக்கத்தில், பள்ளத்தில் அமைந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிருக்குள் தண்ணீர் ஏறும் அதே நாளில் அந்தத் தெருவுக்குள்ளும் ஏறும். மண்சுவர் ஊறும். தை பிறந்தாலும் தரையின் ஈரம் போகாது. அடுப்புப் புகை கீற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இருமல், வயதானவர்களுக்கு மூச்சிரைப்பு, வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பயம், ராத்திரியில் பாம்பு பயம், கோடையில் தீ பயம். கீற்று மக்கி ஒழுகத் தொடங்கினால் மறுபடி வேய்ந்தாக வேண்டும். அதற்கு வாங்கும் கடன் அடைவதற்குள் அடுத்த வேய்ச்சல் வந்துவிடும்.

இத்தனைக்கும் மேலே ஒரு வியாதி இருந்தது. குடிசை நின்ற மண் குடியிருந்தவருடையதாக இல்லை. பண்ணையாள் காலத்தில் மனை மிராசுதாருடையது. வேலையை விட்டு நீக்கினால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும். நாளைக்கு விரட்டப்படலாம் என்று தெரிந்தவர் எந்தத் தைரியத்தில் செங்கல் சுவர் எழுப்புவார்? மூங்கிலும் கீற்றும் போதும் என்று தலைமுறை தலைமுறையாக இருந்ததற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை.

1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்த குரல் பிறகு கூலிக்கும், வேலைப் பாதுகாப்புக்கும், குடியிருக்கும் மனைக்குமாக விரிந்தது. 1952-ம் ஆண்டு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ம் ஆண்டு வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்க வழி செய்தது. இந்தச் சட்டங்கள் தானாகக் கனிந்து விழவில்லை. சங்கம் என்றால் சந்தா உண்டு. அரை வயிறு சாப்பிட்டவர்கள் கொடுத்த சந்தாவிலும், வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தவர்களின் காலிலும்தான் அவை வந்தன.

அதற்கு உயிர் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டதும் சங்கக் கொடியை இறக்க மறுத்ததும் குற்றமாகி, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தப்பிப்பதற்காக அவர்கள் ஓடிப் புகுந்தது ஒரு சின்னக் கூரைக் குடிசை. கல் வீடாக இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நிலம் முதலில், செங்கல் பிறகு

வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பகுதிக்கு வந்தவர்களில் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் உண்டு. இருவரும் வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊறியவர்கள். கிருஷ்ணம்மாள் 1926-ம் ஆண்டு நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1981-ம் ஆண்டு இருவரும் 'லாஃப்டி' என்று அழைக்கப்படும் உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த வேலை சொல்லும்போது எளிமையாகத் தெரியும். நிலத்தை விற்கத் தயாராக இருக்கும் நிலச்சுவான்தாரிடம் பேசி நியாய விலைக்கு முடிப்பது. வங்கிக் கடனும் அரசு மானியமும் பெறுவது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பத்திரம் பதிவது. விளைச்சலில் கடனைக் கட்டுவது. இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. ஒவ்வொரு ஏக்கருக்கும் பின்னால் எத்தனை நாள் பேச்சுவார்த்தை, எத்தனை முறை வங்கிப் படி, எத்தனை முறை பதிவு அலுவலகம் என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. வங்கி நிலத்துக்குத்தான் கடன் தரும்; நடந்ததற்குத் தராது. அந்தச் செலவை இயக்கத்தின் தொண்டர்களும், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருந்த நண்பர்களும் சுமந்தார்கள்.

நிலம் கைக்கு வந்த பிறகும் வீடு குடிசையாகவே நின்றது. அதனால் கிருஷ்ணம்மாளின் பிற்கால உழைப்பில் பெரும்பகுதி மண் குடிசைகளைச் செங்கல் வீடுகளாக்குவதில் போனது. 2008-ம் ஆண்டு இந்தத் தம்பதிக்கும் லாஃப்டிக்கும், மாற்று நோபல் என்று சொல்லப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. 2020-ல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. விருது கிடைத்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கு முந்தைய இருபத்தேழு வருஷம் பெரும்பாலும் சின்னச் சின்ன உதவிகளில்தான் ஓடியது.

பணம் கொட்டியபோது நடந்தது

பணமே பிரச்னை என்றால், பணம் வந்ததும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்த பிறகு நாகப்பட்டினத்துக்குப் பணமும் தொண்டு நிறுவனங்களும் குவிந்தன. தமிழ்நாட்டில் அதிக உயிரிழப்பு அந்த மாவட்டத்தில்தான், ஆறாயிரத்துக்கும் மேல். முதலில் போட்ட தற்காலிகக் குடியிருப்புகள் பல, தார் பூசிய தகடுகளால் ஆனவை. உச்சி வெயிலில் உள்ளே இருக்க முடியாது, மழையில் தண்ணீர் தேங்கும். வீடு கொடுப்பது வேறு, குடியிருக்கத் தகுந்த வீடு கொடுப்பது வேறு என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

அந்த நெருக்கடியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொடங்கப்பட்டது. அது செங்கல் அடுக்க வந்த அமைப்பு இல்லை. எந்த ஊரில் என்ன கிடைத்தது, யார் விடுபட்டார்கள் என்று கிராமம் கிராமமாகச் செய்தி சேகரித்து, நிர்வாகத்தின் காதில் போட்டது. அந்தக் காதில் முக்கியமாக விழவேண்டியிருந்த ஒரு செய்தி, கடலுக்குப் போகாதவர்களைப் பற்றியது. நிவாரணம் என்றதும் எல்லோர் கண்ணும் மீனவர் குப்பத்தின் மேல் இருந்தது. கடலோர வயல்களில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள், உப்புநீர் ஏறிய நிலத்தில் வேலையும் இல்லாமல், பட்டியலில் பெயரும் இல்லாமல் நின்றன. அவர்களுக்காகப் பேச ஆள் இருந்த ஊரில் பெயர் சேர்ந்தது. ஆள் இல்லாத ஊரில் சேரவில்லை.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோதும் இதே பாடம்தான். முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். முழுச் சேதமா பகுதிச் சேதமா என்பதைக் கணக்கெடுக்க வந்தவர் எழுதும் ஒரு சொல் தீர்மானித்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று விவரம் சொல்ல, படம் எடுத்து வைக்க, மனு எழுத ஒருவர் இருந்தாரா என்பதில் 5,900 ரூபாய் அடங்கியிருந்தது.

கொடுப்பவர்களின் கணக்கு

வீட்டுக்குப் பணம் கொடுக்க ஆள் உண்டு. வீட்டைக் கேட்டுப் பெறும் வேலைக்குப் பணம் கொடுக்க ஆள் குறைவு. இதற்குச் சட்டங்களும் ஒரு காரணம். 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமுள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கம்பெனிக்கும் போர்டு மாட்ட ஒரு கட்டடம் இருந்தால் சௌகரியம். தாலுகா ஆபீசுக்குப் பத்து முறை நடந்ததில் எங்கே போர்டு மாட்டுவது?

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் செய்த திருத்தம் இன்னொன்று. நன்கொடை பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய ஊரில் இருக்கும் அமைப்பு, கிராமத்தில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிவிடும் வாய்க்கால் இதனால் அடைபட்டது. கணக்கு வழக்கில்லாமல் போன பணமும் உண்டு என்பதால் கட்டுப்பாடே தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தலைமடையில் அடைத்தால் கடைமடை காயும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கடைமடைக்காரர் என்ன செய்வது? அதற்கு ஒரு பதில் மும்பையிலிருந்து வருகிறது. சொன்னவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் 1946-ம் ஆண்டு பிறந்து, மும்பை ஜனதா காலனியில் குடியேறியவர் ஜோக்கின் அற்புதம். பல ஆண்டுகள் போராடியும் 1976-ல் அந்தக் காலனி இடிக்கப்பட்டது. அவர் முன்நின்று வளர்த்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், நடைபாதைப் பெண்களின் 'மகிளா மிலன்' அமைப்பும் 1980-களிலிருந்து இரண்டு காரியங்களைப் பழக்கமாக்கின. ஒன்று, தினமும் கொஞ்சம் காசு சேமிப்பது. இரண்டு, தங்கள் குடிசைகளைத் தாங்களே எண்ணி எழுதி வைப்பது. அதிகாரி வரும்போது மனுவை நீட்டுவதற்குப் பதிலாகக் கணக்கு நோட்டை நீட்டினார்கள். சேமிப்பு சிறியதுதான். ஆனால் மாதம் முழுக்கக் காசு போட்டவர் கூட்டத்துக்கு வராமல் இருக்க மாட்டார். இந்த முறை தென்னாப்பிரிக்கா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது. 2000-ம் ஆண்டு ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது.

அறுபது வீட்டுத் தெருவின் கணக்கு

இதை டெல்டாவுக்குப் பொருத்தி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது வீடு உள்ள தெரு. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். மாதம் 1,200, வருஷத்துக்கு 14,400 ரூபாய். மாதம் இரண்டு நாள் இரண்டு பேர் அலுவலகம் போகிறார்கள். போன நாளுக்குத் தலைக்கு 250 ரூபாய் கொடுத்தால் 1,000 ரூபாய். ஜெராக்ஸ், வில்லை, மனு எழுதும் காகிதத்துக்கு 200 ரூபாய் மிஞ்சும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், பெண்கள் போனால் செலவு இன்னும் குறையும். வருஷத்தில் ஒரே ஒரு குடும்பத்துக்கு வீடு வந்தாலும் 3.5 லட்சம், போட்ட பணத்தைப் போல இருபத்து நான்கு மடங்கு. எந்தப் பயிரும் இப்படி விளைவதில்லை.

போகிறவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. முதலில் ஒரு நோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் மனையின் சர்வே எண், பட்டா யார் பெயரில், கூரை என்ன, கழிப்பறை உண்டா, கடந்த வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று எழுத வேண்டும். வெள்ளம் ஏறிய உயரத்தைத் தெருவில் ஒரு கம்பத்தில் பெயின்ட்டில் கோடாகப் போட்டுவிட்டால், புது வீட்டின் தரைமட்டம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் வாதாடத் தேவையே இல்லை. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் கழிப்பறைக் குழி எங்கே வரவேண்டும், கைப்பம்புக்கு எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பதையும் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

பட்டா மனுவுக்கு ஜமாபந்தியும், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளும் உண்டு. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விடுபட்ட பெயர்களைத் தீர்மானத்தில் எழுத வைக்க அதுதான் இடம். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும். 2001-க்கு முன் கட்டிய தொகுப்பு வீடுகளில் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறதே, அதைப் பழுதுபார்க்கவும் அரசுத் திட்டம் உண்டு. கேட்டால்தான் பட்டியலில் ஏறும்.

ஒரு சிக்கல் மட்டும் தெரு நோட்டால் தீராது. டெல்டாவில் ஏராளமான குடும்பங்கள், சிறு விவசாயிகள் உட்பட, கோயில், மடத்து மனைகளில் வாடகை கட்டிக் குடியிருக்கின்றன. பட்டா இல்லாததால் வீட்டுத் திட்டம் அவர்களுக்கு எட்டாது. 2019-ல் வழி காண வந்த அரசாணை, கோயில் நிலத்தைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றத்தில் தடைபட்டது. கோயில் சொத்து கரையக் கூடாது என்பதும் நியாயம். மூன்று தலைமுறை குடியிருந்தவர் ஒழுகும் கூரைக்குக் கீழே கிடக்கக் கூடாது என்பதும் நியாயம். இந்த இரண்டு நியாயத்தையும் எடுத்துச் சொல்லப் பல ஊர் சேர்ந்த குரல் வேண்டும். அதற்கு நீண்ட நாள் தாங்கும் நிதி வேண்டும்.

நிதி என்று வந்தால் எச்சரிக்கையும் வேண்டும். பணம் ஒருவர் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. மகளிர் குழுக் கணக்கைப் போல இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். மாதா மாதம் வரவு செலவைத் தெருவில் வாசிக்க வேண்டும். வீடு வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவருக்கு அதிலிருந்து ஒரு பைசாகூடப் போகக் கூடாது. வெளியிலிருந்து உதவி வந்தால் வாங்கலாம். ஆனால் தெருவின் சொந்தக் காசு நிற்கக் கூடாது. உதவி நின்றுபோகும் நாளில் நடை நிற்காமல் இருக்க அதுதான் காப்பு.

இது கூலிக்காரர் தெருவின் விஷயம், நிலம் வைத்திருப்பவருக்கு என்ன என்று கேட்கலாம். நடவுக்கு ஆள் இல்லை, களைக்கு ஆள் இல்லை என்று சொல்லாத விவசாயி இன்று இல்லை. வருஷா வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் தெருவிலிருந்து பிள்ளைகள் திருப்பூருக்குப் போகாமல் என்ன செய்வார்கள்? ஊரில் குடியிருக்க நல்ல வீடு இருந்தால் எல்லோரும் தங்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் தங்க மாட்டார்கள் என்பது நிச்சயம். அந்த 20 ரூபாயில் பங்கு போடும் குறு விவசாயி தர்மம் செய்யவில்லை. தன் வயலுக்கு வேலைதான் பார்க்கிறார்.

அடுத்த கிராம சபைக்கு என்ன கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், ஒவ்வொரு தெருவும் வேறொன்றை முடிவு செய்துகொள்வது நல்லது: யார் போவது, போகிற நாளுக்கு அவருக்கு எவ்வளவு கூலி. அது முடிவாகிவிட்டால் மனு எழுதுவது அரை மணி நேர வேலை.